உள்பக்கத்தில் போட்ட கோடு

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து சரிவில் இறங்கி வரும்போதே மாஸ்டருக்கு அந்தச் சத்தம் பிடிபட்டுவிட்டது. சக்கரத்தின் சத்தம் இல்லை. சக்கரம் எப்போதும் போலத்தான் உருண்டுகொண்டிருந்தது. அதற்கு மேலே, சரியாக அவள் காலுக்கு அடியில், பலகையோடு பலகை லேசாகத் தட்டிக்கொள்ளும் சத்தம். கூடம் நிறைய தையல் மெஷின் ஓடும்போது எதில் ஊசி மழுங்கியிருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கிறவளுக்கு இது ஒரு விஷயமா? ஸ்கேட்போர்டின் வாலை, அதாவது பின்முனையை, மிதித்து நிறுத்தி, அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பின்பக்க ஓரத்தில் மேல் அடுக்கு தனியாகக் கிளம்பி, பழைய செருப்பு மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நகத்தை விட்டால் நகம் உள்ளே போனது.

"பசை," என்றாள் உரக்க.

பக்கத்தில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் சொன்னாள். மாஸ்டருக்கு ஒரு முடிவு வந்துவிட்டால் அதை யார் காதிலாவது போட்டாக வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் விளக்குக் கம்பத்திடமாவது சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அவள் சீருடை தைக்கிற கம்பெனியில் தலைமைக் கட்டிங் மாஸ்டர். காவலாளிக்குச் சட்டை, நர்ஸுக்குக் கோட்டு, தொழிற்சாலைக்காரர்களுக்குப் பேன்ட், எல்லாம் அவள் மேஜையில்தான் பிறக்கும். துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மெத்தை உயரத்துக்கு அடுக்கி, மேலே கோடு போட்டு, கரண்டில் ஓடும் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். கை தயங்கினால் ஒரு சட்டை கோணலாகாது, அடுக்கு மொத்தமும் கோணலாகும். அதனால் தயக்கம் என்ற சரக்கையே அவள் வைத்துக்கொள்வதில்லை. பேச்சும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஆரம்பத்தில் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டது கேலிக்குத்தான். அதுவரை அந்த மேஜைக்குப் பின்னால் ஆண்கள்தான் நின்றிருந்தார்கள். சில மாதங்களில் கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றது. இப்போது லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனே வீட்டில், "மாஸ்டர், குளிக்கப் போகலாமா, இல்ல உத்தரவு வரணுமா?" என்றுதான் கேட்பார்.

ஸ்கேட்போர்டுப் பழக்கம் வந்தது நாற்பது தாண்டிய பிறகு. கம்பெனி வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை நல்ல வழவழப்பான சரிவு. பாதி வழியில் கம்பி வேலி போட்ட ஒரு ஸ்கேட்டிங் மைதானம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் ஒரு காலேஜ் பெண்ணிடம், "கொஞ்சம் குடும்மா, நின்னு பாக்கறேன்," என்று வாங்கி ஏறினாள். ஏறிய வேகத்தில் விழுந்தாள். மறுநாளும் போனாள். முழங்காலில் கட்டோடு வந்து துணி வெட்டுகிறவளைப் பார்த்துத் தையல்காரிகள், "இந்த வயசுல இது தேவையா மாஸ்டர்?" என்று கேட்டார்கள்.

"எந்த வயசுல தேவைன்னு சொல்லு. அந்த வயசுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடறேன்," என்றாள் அவள். அதற்கப்புறம் ஒருத்தரும் கேட்கவில்லை.

கடையில் விற்கிற போர்டு அவளுக்குச் சரிப்படவில்லை. அவள் ஏறி நின்றால் நடுவில் வளைந்து கும்பிடு போட்டது. உடம்பைக் குறைப்பதா, போர்டை மாற்றுவதா என்ற கேள்வி வந்தபோது அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அளவெடுத்துத் தைத்துக்கொள்வதுதானே அவள் தொழில்? தனக்கென்று ஒன்று செய்துகொள்ளத் தீர்மானித்தாள். அதற்குக் கொழுந்தனைப் பிடித்தாள்.

கொழுந்தன் மேஜை நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, அழுத்தும் இயந்திரத்தில் வைத்துப் பலகையாக்குவது அவன் பொறுப்பு. கையில் நல்ல வேலை உண்டு, வாயில் ஒன்றும் கிடையாது. ஒரு மேஜையைச் செய்து முடித்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடப்பான், யாராவது குறை சொல்லட்டும் என்று காத்திருப்பவனைப் போல. குறை சொன்னால், ஆமாம் என்பான். பாராட்டினால், சுமார்தான் என்பான். கல்யாணம் ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அறை, ராத்திரிச் சாப்பாடு அண்ணி வீட்டில்.

இருவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டறையில் ஏழு தகடுகளை ஒட்டி போர்டைச் செய்தார்கள். காகிதத்தில் வடிவம் வெட்டியது அவள். நடுவில் குழிவாக வருவதற்கு மேலும் கீழும் வைக்கிற அச்சுக் கட்டையைச் செதுக்கியது, பொடிப் பசையைத் தண்ணீர் விட்டுக் கலந்தது, தடவியது, அழுத்தியது எல்லாம் அவன். அந்தப் போர்டு மாதக்கணக்கில் அவளைச் சுமந்தது. வெயிலில் ஓடியது, மழையில் நனைந்தது, ஒருமுறை தண்ணீர் லாரியின் பின்சக்கரத்தில் போய் மோதிவிட்டும் திரும்பி வந்தது.

அதைத்தான் மைதானக்காரர் கவனித்திருந்தார். மைதானத்தை நடத்துகிறவர் அவர். வாடகைக்கு விடும் போர்டுகள் மாசத்துக்கு மாசம் உடைந்துபோய், பாவம், எரிச்சலில் இருந்த மனுஷர். "யார் செஞ்சது?" என்று கேட்டார். என் கொழுந்தன்தான் என்றாள். "வர ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டு வாங்க. இதே போர்டைக் கொண்டு வாங்க. புதுசா எதையும் காட்டாதீங்க, புதுசு எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். ஓடித் தேஞ்சதைப் பாத்துட்டுத்தான் நான் முடிவு பண்ணுவேன். சரியா இருந்தா இந்த மைதானத்துக்கு வேணுங்கற அத்தனையும் அவரே செஞ்சு குடுக்கட்டும்."

இது கொழுந்தனுக்குச் சின்ன விஷயம் இல்லை. மீசை முளைத்த நாளிலிருந்து அவன் செய்ததெல்லாம் முதலாளி பெயரில்தான் போனது. இவன் வேலை என்று ஒருவரும் தேடி வந்தது கிடையாது. இப்போது முதல் தடவையாக ஒருவர் தேடுகிறார். வேலை நேரம் முடிந்த பிறகு இயந்திரத்தை உபயோகித்துக்கொள்ள முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டான். வாங்கிய கையோடு ஒரு துணியைக் கொண்டுவந்து, "ஞாயித்துக்கிழமைக்கு ஒரு சட்டை வெட்டித் தரீங்களா அண்ணி?" என்று கேட்டான். அவன் தனக்கென்று ஒன்று கேட்டு அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

அப்படிப்பட்டவன் வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட வந்து உட்கார்ந்தபோது, அவள் அவன் தட்டுக்குப் பக்கத்தில் போர்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

"உன் பசை விட்டுடுச்சு தம்பி."

புருஷன் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "முதல்ல அவன் சாப்பிடட்டும். என்ன ஏதுன்னு அப்புறம் பாக்கலாமே."

"பாத்துட்டுத்தாங்க சொல்றேன். அடுக்கு தனியா வருதுன்னா வேற எது விடும்? பசைதான். இதுல ஆராய்ச்சிக்கு என்ன இருக்கு?"

கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பிளவை விரலால் அழுத்திப் பார்த்தான். அழுத்தினால் மூடிக்கொண்டது, விட்டால் திறந்தது. "தண்ணி கூடிப்போச்சு போல," என்றான் மெதுவாக. பிறகு, "ஆமா அண்ணி. அன்னைக்குக் கொஞ்சம் தண்ணியாத்தான் கலந்த மாதிரி இருந்தது," என்றான். அப்படி எதுவும் அன்றைக்கு அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாஸ்டர் அப்போதே ஒரு பிடி பிடித்திருப்பாள். இது அவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

"கவலைப்படாத. மேல் அடுக்கை மொத்தமா எடுத்துடறேன். ஏழு இருந்தா என்ன, ஆறு இருந்தா என்ன? தேச்சு வழவழப்பாக்கிட்டா அந்த ஆளுக்குத் தெரியவா போகுது," என்று தைரியம் சொன்னாள். சொன்னது தைரியம் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட வரவேயில்லை.

"கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்," என்றார் புருஷன்.

"உண்மையில மெதுவான உண்மை, வேகமான உண்மைன்னு இருக்கா என்ன?"

"இல்லதான். ஆனா லிஃப்ட் தரையைத் தொடற நேரத்துல வேகத்தைக் குறைக்கலன்னா உள்ள இருக்கறவன் பல்லு உடையும்," என்று சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார். மாஸ்டருக்கு வாயில் பதில் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

சனிக்கிழமை கம்பெனியில் அரை நாள். வீட்டுக்கு வந்ததும் இஸ்திரி மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, போர்டைக் கவிழ்த்து வைத்தாள். திருகுகளைக் கழற்றிச் சக்கரங்களை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டாள். பிறகு நிமிர்த்தி வைத்து, கால் வழுக்காமல் இருக்க மேலே ஒட்டியிருந்த சொரசொரப்பான கறுப்புத் தாளை எடுக்க ஆரம்பித்தாள். அது சுலபத்தில் வராது. பழைய துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒட்டு இளகினதும் ஒரு மூலையிலிருந்து உரித்துக்கொண்டே போனாள். அப்போது ஒரு வாசனை வந்தது. தெரிந்த வாசனை, தினமும் மூக்கில் ஏறுகிற வாசனை. இஸ்திரிப் பெட்டியில் கம்பெனித் துணியின் அழுக்கு ஏதாவது ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

தாள் வந்த பிறகு, பட்டி பூசுகிற மெல்லிய இரும்புத் தகட்டை வால்பக்கப் பிளவில் செருகினாள். வெண்ணெயில் போவது மாதிரி போனது. "பாத்தியா," என்றாள் ஜன்னலைப் பார்த்து. தகட்டை ஓரத்தோடு ஓட்டினாள். விரல் அகலத்துக்கு ஒரு நாடா அப்படியே கழன்று வந்தது. திருப்தியாக இருந்தது. இதே போக்கில் போனால் ஒரு சினிமாப் பாட்டு முடிவதற்குள் அடுக்கு முழுவதும் கையில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, தகட்டை உள்பக்கமாகத் திருப்பினாள்.

தகடு நின்றுவிட்டது.

அழுத்தினாள். நகரவில்லை. சுத்தியலை எடுத்துத் தகட்டின் பின்னால் ஒரு தட்டுத் தட்டினாள். 'சடக்' என்று ஒரு சில்லு பெயர்ந்தது. ஆனால் பிரிந்த இடத்தைப் பார்த்தால் பசை விட்டிருக்கவில்லை. மரம்தான் கிழிந்திருந்தது. மேல் அடுக்கின் நார் பாதி கீழேயே ஒட்டிக்கொண்டு நின்றது. சரி, இந்த இடத்தில் மட்டும் பசை தவறிப்போய் நன்றாகக் கலந்துவிட்டது போல என்று நினைத்து இன்னொரு பக்கம் போனாள். அங்கேயும் அதே கதை. ஓரத்தில் விரலகலம் சொன்ன பேச்சைக் கேட்டது, அதைத் தாண்டினால் உளி இல்லாமல் ஒரு சில்லுகூட அசையவில்லை. போர்டின் முன்முனையும் அப்படித்தான். உளியும் சுத்தியலுமாகப் போராடியதில் ஜன்னலோரம் முழுக்க மரச்சில்லு, அவள் தலைமுடியிலும் மரச்சில்லு.

கெட்டுப்போன பசை ஓரத்தில் மட்டும், அதுவும் அளவெடுத்த மாதிரி ஒரே அகலத்தில் கெடுமா? முதலில் கழன்று வந்த நாடாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

அதன் அடிப்பக்கத்தில், நுனியிலிருந்து நுனி வரை, ஒரு நீலக்கோடு.

அந்தக் கோட்டை யாரும் மாஸ்டருக்கு விளக்க வேண்டியதில்லை. அது அவள் கோடு. ஒரே அழுத்தம், ஒரே கனம், வளைவில்கூட நடுங்காத கோடு. கம்பெனியில் கனத்த துணிக்கு வைத்திருக்கிற மெழுகு சாக்கட்டியால் போட்டது. இஸ்திரி சூட்டில் இளகி மறைந்துபோகிற சாக்கட்டி. அந்த வாசனையும் அதுதான்.

நடந்தது இதுதான். துணி வெட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: சாக்கட்டி துணியின் நல்ல பக்கத்தில் படவே கூடாது, எந்தக் குறியானாலும் உள்பக்கத்தில்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மூளையில் ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை. ஒட்டுகிற அன்று மேல் மரத் தகட்டின் அழகான பக்கம் அழுக்காகக் கூடாதென்று, தகட்டைப் புரட்டிப் போட்டு, உள்பக்கத்தில் வடிவம் முழுவதையும் சாக்கட்டியால் வரைந்திருந்தாள். கொழுந்தன் இயந்திரத்தின் பிடியைத் தளர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், "கடைசி அடுக்கை நானே வைக்கறேன்," என்று பசைக்கு மேல் அவளே கவிழ்த்து வைத்தாள். சட்டைக்கு உள்பக்கம் என்றால் யார் கண்ணிலும் படாத பக்கம். பலகைக்கு உள்பக்கம் என்றால் பசை பிடிக்க வேண்டிய பக்கம். மெழுகின் மேல் எந்தப் பசை பிடிக்கும்? அழுத்தியதில் மெழுகு வேறு கோட்டின் இருபக்கமும் கசிந்திருந்தது.

அதோடும் விடவில்லை. அழுத்தி எடுத்த பிறகு கோடு உள்ளே மாட்டிக்கொண்டதை நினைத்துச் சிரித்துவிட்டு, காகித வடிவத்தை மறுபடியும் மேலே வைத்து, பென்சிலால் வரைந்து வெட்டினாள். வெட்டும்போது, துணிக்குத் தையல் இடம் விடுகிற பழக்கத்தில், கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி வெட்டினாள். கோட்டின் மேலேயே வெட்டியிருந்தால் மெழுகு பாதி தூளோடு போயிருக்கும். அவளுடைய ஒழுங்குதான் மெழுகைப் போர்டுக்குள் பத்திரமாகக் குடிவைத்தது. சோம்பேறி ஒருத்தி செய்திருந்தால் அந்தப் போர்டு பிளந்திருக்காது. இதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு யோசனை வந்தது. வந்ததை மறைப்பானேன்? மிச்சத்தையும் பெயர்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் கோடு தூளாகிப் போகும். நாடாக்கள் குப்பைக்குப் போகும். கொழுந்தன்தான் தண்ணீர் கூடிப்போச்சு என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்றே. நாளைக்கு மைதானத்தில் அவளே பேசி, சரிக்கட்டி, வேலையையும் வாங்கிக் கொடுத்துவிட்டால் அவனுக்கும் நல்லதுதான். யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித்தான் அந்த யோசனை நல்ல பிள்ளை மாதிரி பேசியது.

புருஷன் வேலைப் பையோடு உள்ளே வந்து, அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். "என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா?"

நாடாவை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். "நீலமா என்னமோ இருக்கு."

"என் சாக்கட்டி. நான்தான் உள்ள போட்டேன். அதுல பசை பிடிக்கல."

"மத்த இடத்துல?"

"மத்த இடத்துலயா? பேய் மாதிரி பிடிச்சிருக்கு. மரம் கிழியுதே தவிர பசை விடமாட்டேங்குது. இந்த மாதிரி ஒரு ஒட்டு நான் பாத்ததே இல்லைங்க."

அவர் மெதுவாக என்றோ வேகமாக என்றோ ஒன்றும் பேசவில்லை. நாடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவன் இன்னைக்கு ஓவர்டைம். பட்டறையிலதான் இருப்பான்," என்று மட்டும் சொன்னார்.

அவள் மிச்சத்தைப் பெயர்க்கவில்லை. பெயர்த்துவிட்டால் அவன் பசைக்குச் சாட்சி போய்விடும். பாதி உரிந்த போர்டை அப்படியே ஒரு பையில் போட்டு, நாடாக்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். கொழுந்தன் ஒரு மேஜைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணியைப் பார்த்ததும், இன்னும் என்ன குறையோ என்று அவன் முகம் முன்கூட்டியே தொங்கிவிட்டது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று பட்டது. போர்டை அவன் மேஜையில் வைத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க," என்றாள் கட்டிங் கூடத்துக் குரலில். வந்தார்கள். "இவன் போட்ட பசை விட்டுடுச்சுன்னு நான் சொன்னேன். அது தப்பு. நான் கிறுக்கின மெழுகுக் கோடு இருக்கற இடத்துல மட்டும்தான் விட்டிருக்கு. மத்த இடத்துல யாராவது பிரிச்சுக் காட்டுங்க, பாக்கலாம்."

ஒரு பெரிய ஆள் உளியை வாங்கி முயற்சி செய்தார். சில்லு பறந்தது, ஒட்டு அசையவில்லை. "அடேயப்பா," என்று உளியைக் கீழே வைத்துவிட்டுக் கொழுந்தன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். கொழுந்தன் நாடாவைப் பிடித்து நீலக்கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குச் சந்தோஷம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"நான் அளந்துதான் கலந்தேன் அண்ணி. ஒரு சொட்டுத் தண்ணி கூடல. எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன்டா தண்ணி கூடிப்போச்சுன்னு சொன்ன?"

"நீங்க சொன்னீங்கள்ல," என்றான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன். ரெண்டு நாளா யோசிச்சு யோசிச்சு, தண்ணியா கலந்த மாதிரி எனக்கு ஞாபகமே வந்துடுச்சு."

தான் சொன்னால் மறுபேச்சு இல்லை என்பதுதான் மாஸ்டரின் வாழ்நாள் பெருமை. அந்தப் பெருமை ஒரு மனுஷனுடைய கையையே அவன் நம்பாதபடி செய்யும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பட்டறையில் எங்கும் மரத்தூளாக இருந்தது நல்லதாயிற்று, கண்ணைத் துடைக்க ஒரு சாக்கு கிடைத்தது.

"அந்த மைதானக்காரர்கிட்ட எதுவும் சொல்லிடலையே?"

"நேத்தே போன் பண்ணி, என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க பேசுங்க அண்ணி. நீங்க சொன்னா அவர் கேப்பார்."

பேசியிருப்பாள். போனை எடுத்து இரண்டே வார்த்தையில் அந்த மனுஷரைச் சம்மதிக்க வைத்திருப்பாள், அது அவளுக்கு நூல் கோர்க்கிற வேலை. கைகூடப் பைக்குள் போய்விட்டது. வெறுங்கையாக வெளியே எடுத்தாள்.

"நான் போர்டைக் கொண்டு வரேன். என் தப்பை நான் சொல்றேன். மத்தது எதுவும் என் வாயில வராது. நீ வந்தா வா."

அவன் உளியை எடுத்தான். மிச்ச அடுக்கை எப்படி எடுக்க வேண்டும் என்பது அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. நாரின் போக்கிலேயே சின்னச் சின்னதாகக் கீறி, உளியைப் படுக்கவைத்து, சீவலாகச் சீவி எடுத்தான். கீழ் அடுக்கில் ஒரு காயம் படவில்லை. அவள் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, சொரசொரப்பானதில் ஆரம்பித்து மெல்லியது வரை தேய்த்தாள். ஓரத்தின் கூர்மையைத் தேய்த்து உருட்டினார்கள். புதுக் கறுப்புத் தாள் ஒட்டி, திருகுகளை மாட்டினார்கள். முடிந்ததும் அவன் வழக்கம்போலப் போர்டைச் சுற்றி நடந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை, அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு அவள் போர்டிலேயே போனாள். ஒரு அடுக்கு குறைந்ததில் போர்டு இலேசாகி, திருப்பத்தில் சொன்ன பேச்சைக் கேட்டது. நடுவில் ஒரு துளி துள்ளல். மாஸ்டருக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனை நாள் ஏழாவது அடுக்கை வீணாகச் சுமந்திருக்கிறோம் என்று தோன்றியது. மைதானக்காரர் வேலியோரம் நின்றிருந்தார். போனில் முடியாது என்றவர்கள் நேரில் வந்து நிற்பதைப் பார்த்து அவர் முகத்தில் பெரிதாக வரவேற்பு ஒன்றும் இல்லை. கொழுந்தன் அவளுக்கு முன்னாலேயே வந்து, புதுச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். வந்துவிட்டானே என்று அவளுக்கு உயிர் வந்தது.

நாடாவைக் கொடுத்து, தன் தப்பை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கோட்டையும் பார்த்தார், கிழிந்த நாரையும் பார்த்தார். பிறகு போர்டை வாங்கி, ஓரம் முழுக்க விரலால் தடவி, ஒரு முனையைத் தரையில் ஊன்றி நடுவில் முழங்காலை வைத்து அழுத்திப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"இது இப்ப ஆறு அடுக்கா?"

"ஆறுதான். எனக்கு என்னமோ இதுதான் நல்லா இருக்கு. ஏழாவது தேவையே..." என்று ஆரம்பித்தவள், பாதியில் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப இதே மாதிரி ஆறு அடுக்குலயே எல்லாத்தையும் பண்ணிடலாமே," என்றார் அவர். "சீக்கிரமும் முடியும்."

"முடியாதுங்க," என்றான் கொழுந்தன்.

மைதானக்காரர் அவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"அண்ணி ஓட்டறதுக்கு இது போதும். அவங்களுக்குப் பழகின போர்டு. இங்க வரவங்க புதுசா கத்துக்கறவங்க, எம்பிக் குதிப்பாங்க, நடுவுல மிதிப்பாங்க. ஆறு தாங்காது. தாங்காததை என் கையால நான் தரமாட்டேன். ஏழுன்னா செஞ்சு தரேன். பசை கலக்கறப்போ நீங்களே வந்து நின்னு பாக்கலாம்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அண்ணி சொன்னதற்கு நேர் எதிராக, நாலு பேர் கேட்க, அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

மைதானக்காரர் அவளைப் பார்த்தார். இத்தனை மாதமாக அவரிடம் பேசியது, அடித்துச் சொன்னது, முடிவு சொன்னது எல்லாம் அவள்தானே. "நீங்க என்ன சொல்றீங்க மாஸ்டர்?"

ஆறு போதும் என்றுதான் அவளுக்கு இன்னமும் தோன்றியது. அதற்குக் காரணம்கூட வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றது.

"என்னை ஏங்க கேக்கறீங்க?" என்றாள். "செய்யறவன் அவன். அவன்கிட்ட கேளுங்க."

அவர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். இருவரும் பேசிக்கொண்டே வேலியோரமாக நடந்து போனார்கள். அவள் அங்கேயே நின்று, தன் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் அவன் பேசிக்கொண்டே போவதைப் பார்த்தாள்.